பரவாயில்லையின் வலது கை

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எனக்கு ஒரு கெட்ட பழக்கம். நடந்ததைச் சொல்லச் சொன்னால், நடந்திருக்கக்கூடியதையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். பால் பொங்கியது என்று ஆரம்பித்து வீடு எரிந்தது என்று முடிப்பேன். வீடு எரிந்திருக்காது. ஆனால் எரிந்திருக்கலாம் அல்லவா? என் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். வீடே எரிந்தாலும் பால் பொங்கியது என்பார்.

அவரை நல்லவராகச் சொன்னால் நான் சூழ்ச்சிக்காரி ஆகிவிடுவேன். என்னை நல்லவளாகச் சொன்னால் அவர் கெட்டவர் ஆகிவிடுவார். உண்மையில் அவர் கெட்டவர் இல்லை. கவலை என்ற ஒன்றை எனக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, கையை வீசிக்கொண்டு நடப்பவர். அவ்வளவுதான்.

அவருக்கு மெத்தைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை. ஸ்பாஞ்சுப் பாளங்களை வெட்டும் பிரிவு. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவத்தில் வெள்ளையாகத் தூள் படிந்திருக்கும். ஒரே பகலில் கிழவராகித் திரும்பி வருவது போல இருக்கும். முகம் கழுவினால்தான் என் நெஞ்சிலிருந்து கல் இறங்கும். தொழிலாளிகள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "பரவாயில்லை" என்றுதான் கூப்பிடுவார்கள். பெல்ட் அறுந்தால் பரவாயில்லை, கசிவு வந்தால் பரவாயில்லை, பிளேடு பல் போனால் பரவாயில்லை. வாயில் வேறு வார்த்தை வருவதற்குள் ஷிஃப்ட் முடிந்துவிடும்.

நாங்கள் இருப்பது கம்பெனி குவாட்டர்ஸ். எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து தொழிற்சாலையின் சுவர் தெரியும். சுவர் மட்டும்தான் தெரியும். சங்கு காலையில் ஒருமுறை ஊதும், சாயங்காலம் ஒருமுறை ஊதும். நேரம் தவறி ஊதினால் யாருக்கோ அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது குவாட்டர்ஸ் பெண்கள் எல்லோரும் மாடிப்படிக்கு வந்து நிற்போம். வேறு யாருடைய வீட்டுக்காரராகவாவது இருக்கட்டும் என்று ஒவ்வொருத்தியும் மனசுக்குள் வேண்டிக்கொண்டு, பக்கத்தில் நிற்பவளின் முகத்தைப் பார்க்காமல் நிற்போம்.

இப்படி இருக்கும்போதுதான் கம்பெனி கைமாறியது. புது முதலாளிகள் வேறு தேசத்தார். வந்த வேகத்தில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். சூப்பர்வைசர்கள் எல்லோரும் அவர்களுடைய மொழியில் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும். அன்றன்று பிரிவில் நடந்ததை நாலு வரி எழுதத் தெரிய வேண்டும். முடிவில் ஒரு பரீட்சை. தேறாதவர் சூப்பர்வைசர் இல்லை. பதவி போனவருக்குக் குவாட்டர்ஸும் இல்லை.

எங்களுக்கு வேறு வீடு கிடையாது. எனக்கு அன்றைக்கே சோறு இறங்கவில்லை.

அவருக்கு இரண்டாம் முறை போட்டதும் இறங்கியது. கை கழுவிவிட்டு வந்து, "இன்னையிலேர்ந்து நான் மாணவன்," என்றார். முகச்சவரம் செய்துகொண்டார். தலை வாரிக்கொண்டார். போனைச் சுவரில் சாய்த்து வைத்து அதன் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

பாடம் சொல்லிக்கொடுக்கக் கம்பெனி மனிதரை அனுப்பவில்லை. ஏஐ என்று ஒன்றைப் போனில் இறக்கிக்கொள்ளச் சொன்னார்கள். இறக்கும்போது நீளமாக ஒரு பக்கம் வந்தது. கீழே 'சம்மதம்' என்று ஒரு பொத்தான்.

"என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பாருங்க."

"இதையெல்லாம் எந்த ஊர்ல யாரு படிக்கிறா?" பொத்தானை அழுத்திவிட்டார்.

உடனே அது தமிழில் மரியாதையாகக் கேட்டது. "வணக்கம். இன்று உங்கள் பிரிவில் என்ன நடந்தது? தெரிந்த சொற்களை வைத்து ஒரு வரி எழுதிப் பாருங்கள். தவறு வந்தால் சேர்ந்து திருத்தலாம்."

இவர் தமிழிலேயே தட்டினார்: "நீயே எழுதிக் கொடு."

"எழுதித் தரும்படி என்னை அமைக்கவில்லை. எழுத உதவுகிறேன். முதல் சொல்லை நான் தரட்டுமா?"

"சம்பளம் கேக்காத வேலைக்காரன்னு நினைச்சேன். பிரம்பு இல்லாத வாத்தியாரால்ல இருக்கு," என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு வாத்தியார் என்றே பெயர்.

கொஞ்ச நேரம் முக்கினார். ஒரு வரி எழுதினார். வாத்தியார் திருத்தினார். இன்னொரு வரி எழுதச் சொன்னார். இவர் கொட்டாவி விட்டார். வாத்தியாருக்குக் கொட்டாவி வராது என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தார் போலிருக்கிறது. போனை என் பக்கம் நகர்த்தினார்.

"இந்தா, நீ எழுது."

"நானா? நான் எட்டாவதுகூட முடிக்கலைங்க."

"அதான் நல்லது. உனக்கு ஒண்ணும் தெரியாது. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் குறுக்கே குறுக்கே வருது."

"மாட்டிக்கிட்டா?"

"யார் பார்க்கப்போறா? மெஷின் கேக்குது, மெஷின் திருத்துது. மார்க்கு மட்டும் ஆபீசுக்குப் போகுமாம். பரீட்சைக்கு முன்னாடி நான் ரெண்டு நாள் உக்காந்தா போதும். அதுவரைக்கும் நீ அடுப்பை அணையாம பாத்துக்க."

"வீடு போயிடுங்க."

"பரவால்ல."

"வீடு போனாவா?"

"போகாது. அதனால பரவால்ல."

என் போனிலும் அவர் பெயரில் வாத்தியாரை இறக்கிக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தில் எட்டாவது பாதியில் அம்மாவுக்குப் படுக்கை என்று என்னை நிறுத்தினார்கள். அதன்பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டுதான். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, வாத்தியார் பொறுமைசாலி. மூன்றாம் தடவை அதே தவறைச் செய்தாலும் முதல் தடவை போலவே சொல்லிக்கொடுப்பார். தலையில் அடித்துக்கொள்ள மாட்டார். அடித்துக்கொள்ளத் தலையும் இல்லை. காலையில் இவரை அனுப்பிவிட்டு, பாத்திரம் கவிழ்த்துவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்தால் முதல் கேள்வி: "இன்று எப்படி இருக்கிறீர்கள்?" இருபத்தைந்து வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் என்னைக் கேட்காத கேள்வி. முதல் நாள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

நான் வாத்தியாரை 'அவர்' என்று சொல்வது இவருக்குப் பிடிக்கவில்லை.

"அவர் இப்படி எழுதச் சொன்னாருங்க."

"எந்த அவர்?"

"வாத்தியார்தான்."

"அது 'அது'. வீட்டுக்கு ஒரு 'அவர்' போதும்."

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. வாத்தியார் கேட்பது தொழிற்சாலையைப் பற்றி. நான் பார்த்திருப்பது அதன் சுவரை. சாயங்காலம் இவரைக் கேட்டால், "ஒண்ணும் நடக்கல," என்பார். மறுநாள் கேட்டாலும் ஒன்றும் நடந்திருக்காது. ஒன்றும் நடக்காததை எத்தனை விதமாக எழுதுவது? தோண்டித் துருவிக் கேட்டேன்.

"தச்ச மெத்தையெல்லாம் எங்கங்க வைப்பீங்க?"

"எங்க இடம் இருக்கோ அங்க. கூரை வரைக்கும் அடுக்கியாச்சு. பின்கதவு பக்கம்தான் கொஞ்சம் காலியா இருந்துது, இப்ப அங்கயும் வெச்சாச்சு."

"அப்ப பின்கதவை எப்படித் திறப்பீங்க?"

"அதை யாரு திறக்கிறா?"

அன்று நான் தூங்கவில்லை என்று சொன்னால் மிகை. தூங்கினேன், ஆனால் தூக்கத்தில் கதவைத் தேடிக்கொண்டே இருந்தேன். காலையில் வாத்தியாரிடம் எழுதினேன்: "பின்கதவு இருக்கிறது. ஆனால் கதவின் முன் மெத்தைகள் இருக்கின்றன. மெத்தை எரியும். எரிந்தால் யார் வெளியே வருவார்கள்?" நான் எழுதிய முதல் முழுப் பத்தி அதுதான். இரண்டு சொற்கள் தவறு. வாத்தியார் திருத்திவிட்டு, மிகத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள் என்றார்.

அதன்பிறகு வாய்க்காலைத் திறந்துவிட்டது போல ஆகிவிட்டது. இத்தனை வருஷமாக மனசுக்குள் ஊறிக்கிடந்த பயம் எல்லாம் வேறு மொழியில் வெளியே வந்தது. தமிழில் சொன்னால் "வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு" என்பார்கள். அந்த மொழியில் சொன்னால் "வினைச்சொல்லை மட்டும் மாற்றுங்கள்" என்றார் வாத்தியார். ஈரத் தரை, தேய்ந்த வயர், பசை டப்பாவுக்குப் பக்கத்தில் சிகரெட், போனில் ஆட்டம் பார்த்துக்கொண்டே ஸ்பாஞ்சு வெட்டும் பையன்கள். இவர்தான் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்: "ஒரு கண்ணு பிளேடு மேல, ஒரு கண்ணு ஸ்கோர் மேல." நான் எழுதினேன்: "கண் இரண்டு. விரல் பத்து. ஒரு கண் போனில் இருந்தால் விரல் பத்து இருக்காது."

விழுவது, வழுக்குவது, எரிவது, நசுங்குவது, தாமதமாக வருவது, வராமலே போவது எல்லாவற்றுக்கும் எனக்குச் சொல் தெரிந்தது. ஒருநாள் வாத்தியார் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "இன்று ஒரு மகிழ்ச்சியான செய்தியை எழுதிப் பார்க்கலாமா?" மத்தியானம் வரை யோசித்தேன். பிறகு எழுதினேன்: "இன்று சங்கு நேரத்துக்கு ஊதியது."

ஒரு சாயங்காலம் இவர் வாசலிலேயே நின்றார். புருவத்தில் தூள் அப்படியே இருந்தது.

"மேனேஜரம்மா கூப்பிட்டாங்க."

புது மேனேஜர் ஒரு சின்னப் பெண். எங்களுக்கு மகள் இருந்திருந்தால் அந்த வயசு இருக்கும். சிரிக்கமாட்டாள் என்று கேள்வி. அவளோடு எப்போதும் ஒரு மொழிபெயர்ப்பாளர் வருவார். எங்கள் குவாட்டர்ஸில் அவருக்கு இரட்டைவாய் என்று பெயர்.

"கண்டுபிடிச்சிட்டாங்களா?"

"எழுதினதையெல்லாம் ஆபீஸ்ல படிக்கிறாங்களாம். அந்தச் சம்மதப் பக்கத்துல போட்டிருந்துதாம்."

"அப்பவே படிங்கன்னேன்."

"முழுசாக் கேளு. பின்கதவைப் போய்ப் பாத்திருக்காங்க. மெத்தை இருந்துது. வயரைப் பாத்தாங்க, தேஞ்சிருந்துது. இத்தனை வருஷத்துல இந்த ஆலையில ஒரு மனுஷன்கூட இப்படி யோசிச்சதில்லைன்னு அந்தம்மா எழுந்து நின்னு எனக்குக் கை குடுத்தாங்க." மார்பைக் கொஞ்சம் நிமிர்த்தினார். "நாளையிலேர்ந்து ஆலை முழுக்க நான்தான் பாதுகாப்பு இன்சார்ஜ்."

அன்றைக்கு அந்தக் குவாட்டர்ஸே சிரித்தது. பக்கத்து வீட்டு அக்கா, கிரேன் ஓட்டுபவரின் மனைவி, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பரவாயில்லையைப் பாதுகாப்புக்குப் போட்டாங்களா? பூனையைப் பாலுக்குக் காவல் வெச்சாங்களாம்."

"சிரிக்காதீங்க அக்கா. எனக்குப் பயமா இருக்கு."

"உனக்கு எப்ப பயமில்லை?"

அடுத்த வாரமே அவள் சிரிப்பு நின்றது. ஆலைக்குள் போன் கூடாது, வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்று உத்தரவு. 'பாதுகாப்பு இன்சார்ஜ் எழுதிய பரிந்துரையின்படி' என்று கீழே போட்டிருந்தார்களாம். தொழிலாளிகள் இவரைப் பார்த்தால் எச்சில் விழுங்கினார்கள், துப்பவில்லை, அவ்வளவுதான். இவர் என்னிடம் வந்து குதித்தார்.

"எதுக்குடி போனைப் பத்தி எழுதினே? அவசரம்னா உன்கிட்ட கேக்கலாம்னு அதை நம்பித்தானே இருந்தேன்."

"நீங்கதானே பையன்க ஸ்கோர் பாக்கிறாங்கன்னு சொன்னீங்க."

"சொன்னா? சொன்னதையெல்லாமா எழுதுவாங்க?"

புலிவாலைப் பிடித்த கதையாகிவிட்டது. தினமும் ஆலையைச் சுற்றிவிட்டு வந்து எனக்குச் சொல்வார். நான் எழுதுவேன். அதைப் பார்த்து அவர் கையெழுத்தில் எழுதிக்கொண்டு போவார். சுற்றினாலும் அவர் கண்ணுக்கு ஒன்றும் படாது. "எல்லாம் சரியா இருக்கு," என்பார். "ஏணி எங்க இருந்துது?" என்று கேட்பேன். "சுவர்ல." "எந்தச் சுவர்ல?" "கரண்ட் பெட்டி இருக்கிற சுவர்ல." அப்படி ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுக்கவேண்டும்.

பிறகு பரீட்சைத் தேதி வந்தது. எல்லோரும் மேனேஜரம்மா எதிரில் உட்கார்ந்து கையால் எழுதவேண்டும். தேறாதவர் மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று இந்தத் தடவை வெளிப்படையாகவே போட்டிருந்தார்கள். நான் அன்றைக்கே பாத்திரங்களைத் துணியில் சுற்ற ஆரம்பித்துவிட்டேன். எங்கே கொண்டுபோவது என்று தெரியாது. சுற்றினால் கொஞ்சம் நிம்மதி.

அவர் மறுபடி முகச்சவரம் செய்துகொண்டு வாத்தியார் முன்னால் உட்கார்ந்தார். ஆனால் வாத்தியாருக்கு இவர் இப்போது பழுத்த மாணவர். எடுத்த எடுப்பிலேயே கேட்டார்: "போன வாரம் கொதிகலனைப் பற்றி அருமையாக எழுதினீர்கள். அந்தக் கருத்தை இன்று விரித்து எழுதலாமா?"

இவர் பார்த்தார். வியர்த்தார். ஏதோ தட்டினார்.

"இன்று களைப்பாக இருக்கிறீர்களா? சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதினால் போதும்."

"பாத்தியா, இது என்னைக் கிண்டல் பண்ணுது."

"இல்லைங்க. உங்களுக்கு எதுவும் தெரியாதுன்னு அவர்கிட்டச் சொல்லுங்க. முதல்லேர்ந்து சொல்லிக்குடுப்பார்."

"ஒரு மெஷின்கிட்டப் போய் எனக்குத் தெரியாதுன்னு சொல்லணுமா? அதுக்கு வேற ஆளைப் பாரு."

"அப்ப மேனேஜரம்மாகிட்டயாவது உண்மையைச் சொல்லிடலாம்."

"சொன்னா வீடு இன்னைக்கே போகும். சொல்லாட்டி மாசக் கடைசி. எது நல்லது?" கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தால் எனக்கு ஆகாது. "எழுதுறது கையாலதானே?" என்றார்.

"ஆமா."

"கை இல்லாட்டி?"

நான் அரிவாள்மனையை அடுப்புக்குப் பின்னால் தள்ளினேன்.

"வெட்டிக்கப் போறேன்னு நினைச்சியா? கட்டுப் போடுடி. அடிபட்டிருக்குன்னு சொல்லிடலாம். கை ஆறட்டும், பரீட்சை அப்புறம் பாக்கலாம்பாங்க. கை எப்ப ஆறும்னு கைக்குத்தானே தெரியும்?"

"ஆலையிலயா அடிபட்டுதுன்னு சொல்லப்போறீங்க?"

"மக்கு. ஆலைன்னா விசாரணை வரும். வீட்ல அடிபட்டா அவங்களுக்கு என்ன? சமையல்கட்டு ஜன்னல் கையில விழுந்துதுன்னு சொல்றேன்."

அந்த ஜன்னலின் கீல் போய் வருஷக்கணக்காகிறது. மாற்றுங்கள் மாற்றுங்கள் என்று நான் சொன்னபோதெல்லாம் என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பழைய வேட்டியைக் கிழித்து, வலது கையில் மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை கட்டினேன். கழுத்திலிருந்து ஒரு தொட்டிலும் போட்டேன். பார்த்தால் எனக்கே அழுகை வந்தது. அக்கா வந்து எட்டிப்பார்த்தாள்.

"பாதுகாப்புக்கே அடிபட்டுடுச்சா? இனிமே நாங்க யாரை நம்பி இருக்கிறது?"

"பரவால்ல," என்று இவர் முனகினார். நன்றாகவே முனகினார்.

ஆனால் ஒன்றை அவர் மறந்துவிட்டார். வீடு யாருடையது? கம்பெனியுடையது. ஜன்னல்? அதுவும். மறுநாள் காலை மேனேஜரம்மாவும் இரட்டைவாயும் எங்கள் வாசலில் நின்றார்கள். கம்பெனிக் கட்டடத்தில் பாதுகாப்பு இன்சார்ஜுக்கே விபத்து என்றால் விசாரிக்காமல் விடமுடியாதாம்.

அவள் நேராகச் சமையலறைக்குப் போனாள். சுற்றிவைத்த பாத்திரங்களைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். விரலால் லேசாகத் தள்ளினாள். ஜன்னல் கதவு மொத்தமாகக் கழன்று அவள் கைக்கே வந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பொய்க்குச் சாட்சியாக ஓர் உண்மை இப்படி விழுந்து நான் பார்த்ததில்லை.

இரட்டைவாய் சொன்னார்: "கம்பெனி டாக்டர்கிட்டக் காட்டலாம்ங்கிறாங்க."

இவர் முகம் வெளுத்தது. வாயில் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. "பரவால்ல."

இரட்டைவாய் அதை எப்படி மொழிபெயர்த்தாரோ, நீளமாகச் சொன்னார். மேனேஜரம்மா மரியாதையோடு தலையை அசைத்தாள். பிறகு ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். விபத்து எப்படி நடந்தது என்று அவர்கள் மொழியில் எழுதவேண்டும். எழுதாவிட்டால் பரீட்சையைத் தள்ளிவைக்க அவளுக்கு அதிகாரம் இல்லை.

"கை இப்படி இருக்கே, எப்படி எழுதுவேன்?" என்றார் இவர், தொட்டிலைத் தூக்கிக் காட்டி.

"வாயால அவங்க மொழியிலயே சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்னு சொல்றாங்க," என்றார் இரட்டைவாய்.

இவர் தொண்டையைத் தடவினார். தொண்டைக்கும் ஒரு கட்டுப் போட்டிருக்கலாமோ என்று நினைத்தார் போல. தாள் வெள்ளையாகக் கிடந்தது. எனக்கு அந்த வெள்ளையில் மாதக் கடைசி தெரிந்தது. வண்டி தெரிந்தது. வண்டிமேல் எங்கள் கட்டில் கால் மேலாகக் கிடப்பது தெரிந்தது. நான் துணிச்சல்காரி இல்லை. பயந்தவர்கள் செய்வது சில சமயம் துணிச்சல் மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பேனாவை எடுத்துவிட்டேன்.

எழுத எழுத நிற்கவில்லை. கையைப் பற்றிப் பொய் எழுத வரவில்லை, அதனால் ஜன்னலைப் பற்றியே எழுதினேன். கீல் எப்போது போனது, எத்தனை முறை சொன்னேன், காற்று அடித்தால் எந்தப் பக்கம் விழும், கீழே எந்த வீட்டுக் குழந்தை விளையாடும், விழுந்தால் என்ன ஆகும். தாளின் அடிப்பக்கம் வந்தபிறகுதான் நிமிர்ந்தேன்.

மேனேஜரம்மா படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள். என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள்.

"உங்க வீட்டுக்காரர் எழுதுற மாதிரியே இருக்காம். அதே நடை, அதே பயம்," என்றார் இரட்டைவாய்.

அப்போது இவர் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். ஆனால் ஒரு மனைவி நன்றாக எழுதினாள் என்று நாலு பேர் எதிரில் யாராவது சொன்னால் ஒரு கணவரால் எப்படிச் சும்மா இருக்க முடியும்?

"நான்தான் சொல்லிக்குடுத்தேன்," என்றார்.

இரட்டைவாய் மொழிபெயர்த்தார். மேனேஜரம்மாவின் முகம் மலர்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சாம். கை ஆறும் வரைக்கும் பரீட்சை வேண்டாம். உங்க சம்சாரத்தை ஆலைக்குக் கூட்டிட்டு வாங்க. நீங்க பாருங்க, அவங்க எழுதட்டும்."

நான் அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம் முதல் தடவையாகப் போனேன். நினைத்ததைவிடச் சத்தம். நினைத்ததைவிட இருட்டு. நான் கற்பனை செய்து பயந்த இடம் இதைவிட எவ்வளவோ பரவாயில்லை. இவர் தொட்டிலில் கையை வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். "எல்லாம் சரியா இருக்கு, எழுதிக்க," என்றார். நான் மேலே பார்த்தேன். கூரையில் ஒரு விளக்கு ஒற்றைக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. சரியாக அதன் கீழே நின்றுகொண்டுதான் சொன்னார். சட்டையைப் பிடித்து இழுத்து நகர்த்திவிட்டு எழுதினேன்.

மேனேஜரம்மா கூடவே வந்தாள். யார் உண்மையில் பார்க்கிறார், யார் சும்மா நடக்கிறார் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு இரட்டைவாய் தேவைப்படவில்லை. ஒரு வாரம் போனது. அடிபட்ட மனிதரை இப்படி அலைய வைப்பது பாதுகாப்பு இல்லை என்றாள். கை ஆறும் வரை அவர் வீட்டில் ஓய்வெடுக்கட்டும். அதுவரை அம்மா மட்டும் வந்தால் போதும். வீடு? அவர் பெயரிலேயே இருக்கும். கை ஆறும் வரை.

முதல் நாலு நாள் இவர் ராஜா மாதிரிப் படுத்திருந்தார். ஐந்தாம் நாள் சமையலறையிலிருந்து குரல் கேட்டது.

"பருப்பு எங்கடி இருக்கு?"

"டப்பாவுல."

"ஒத்தைக் கையால டப்பாவைத் திறக்க முடியல."

"முழங்காலுக்கு நடுவுல இடுக்கிக்கிட்டுத் திறங்க. பாத்து. வழுக்கும்."

அக்கா தன் வீட்டு ஜன்னலிலிருந்து எட்டி எங்கள் ஜன்னலுக்குள் பார்ப்பாள். எங்கள் ஜன்னல் புதிது, கீலும் புதிது. அவள் பார்க்கும்போதெல்லாம் இவர் இடது கையால் சோற்றைச் சிந்திக்கொண்டு சாப்பிடவேண்டும். மாடிப்படியில் யாராவது ஏறினால் முனகவேண்டும். சாயங்காலம் நான் சங்கு ஊதியபிறகு வருவேன். வாசலில் நின்று என் புருவத்தைப் பார்ப்பார். பார்த்துவிட்டுத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து வைப்பார். அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் பாவமாகத்தான் இருக்கும்.

"ஏய், இது போதும். அவுத்துடு," என்றார் போன வாரம். "உள்ள அரிக்குது."

"அவுத்தா பரீட்சைங்க."

"எழுதிட்டுப் போறேன்."

"வாத்தியார்கிட்ட உக்காருங்க. தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. முதல்லேர்ந்து ஆரம்பிப்பார். தேறுவீங்கன்னு அவர் சொல்லட்டும், அன்னைக்கே அவுத்துடறேன்."

நிறைய நேரம் போனைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

"அரிப்புதானே," என்றார். "பரவால்ல."

மேனேஜரம்மா திங்கட்கிழமைதோறும் என்னைக் கேட்கிறாள். இப்போது நேராகவே கேட்கிறாள்: "அவர் கை எப்படி இருக்கிறது?" இன்னும் ஆறவில்லை என்கிறேன். என்னை ஒரு கணம் அதிகமாகப் பார்க்கிறாள். "அவசரமே இல்லை," என்கிறாள். அந்த ஒரு கணத்தில் எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது. அவளுக்குத் தெரியுமா, தெரியாதா என்று நினைத்து நினைத்தே எனக்கு வயசாகிறது.

எதற்கும் இருக்கட்டும் என்று, காலையில் ஆலைக்குக் கிளம்பும் முன் நானே புதுத் துணியால் கட்டுப் போட்டுவிட்டு வருகிறேன். துணியின் நுனியைத் தோளுக்கு மேல் கொண்டுபோய், முடிச்சை மட்டும் முதுகுப் பக்கம், அவருடைய இடது கைக்கும் எட்டாமல் பல்லுக்கும் எட்டாமல் போடுகிறேன்.